காரணம் சொல்லாதவர்

எங்கள் ஆய்வகத்தில் அவரை எல்லோரும் கண்ணாடி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூக்கில் கண்ணாடி மாட்டியிருந்ததால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் நோயாளிகளின் சளியைத் தடவிய சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துக் காசநோய்க் கிருமி தேடுவது அவருடைய வேலை. சாயம் ஏறி அவருடைய வலது கை விரல் நுனிகள் எப்போதும் ஒரு மாதிரி சிவப்பாக இருக்கும். எந்தச் சோப்புக்கும் அது மசியாது. "நிரந்தர மருதாணி" என்று அவரே கிண்டல் செய்வார்.

நான் அதே அறையில் கதவோர மேஜையில் உட்கார்ந்து முடிவுகளைத் தட்டச்சு செய்பவள். என்னை அவர் "ரிப்போர்ட்டு" என்று கூப்பிடுவார். இருபத்திரண்டு வருஷம் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவர் கையிலிருந்த எண்ணும் கருவியின் 'டிக், டிக்' சத்தம் இல்லாமல் எனக்கு வேலையே ஓடாது.

அந்த டிக் சத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் ஒரு சமயத்தில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் கிருமி இருக்கிறது, எழுதிவிடலாம். படவில்லை என்றால் அடுத்த வட்டம். அப்படி நூறு வட்டம் பார்த்த பிறகுதான் 'கிருமி காணப்படவில்லை' என்று எழுத வேண்டும். இருக்கிறது என்று சொல்ல சில சமயம் இரண்டு நிமிஷம் போதும். இல்லை என்று சொல்லத்தான் கழுத்து ஒடியும். மற்றவர்கள் நாற்பது, ஐம்பதோடு எழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அக்கா ஒரு நாளும் நூறைக் குறைத்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி பத்து நிமிஷத்தில் நாலு துண்டை முடித்துவிட்டு வந்து நின்றபோது, அத்தனையையும் திருப்பிக் கொடுத்து, "இல்லைன்னு எழுதறது சும்மா இல்லம்மா. பாத்துட்டு எழுது" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை அவர் எங்கும் பறை அறைந்ததில்லை. புதுக் கட்டடத்துக்கு ஆய்வகம் மாறிய அன்று எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றோம். அவர் மட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் எங்களுக்குத் தெரியும்.

அன்று தேநீர் குடிக்கும்போது ஊசி அண்ணன் பிடித்துக்கொண்டார். அவர் இரத்தம் எடுப்பவர். வாயும் ஊசி மாதிரிதான்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்கக்கா. கடவுள் இல்லைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"நான் எங்க சொன்னேன்? இருக்குன்னு நீங்கதான் சொல்றீங்க. சொல்றவங்கதான் காட்டணும்."

"இல்லைங்கறதும் ஒரு முடிவுதானே? அதுக்கும் ஒரு காரணம் வேணுமில்ல?"

"நம்ம மொட்டை மாடியில ஒரு குதிரை நிக்குதுன்னு நான் சொல்றேன்னு வச்சுக்கங்க. ஏறிப் பாத்து, இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்களா, இழுத்துட்டு வந்து காட்ட வேண்டியது நானா?"

ஊசி அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். "மத்தவங்க சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவேன். நீங்க சொன்னா ஏறிப் பாத்துட்டுத்தான்கா வருவேன்."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் பேச்சு அவருடைய கையில்தான் முடிந்தது. எப்போதும் அப்படித்தான் முடியும். பிறகு வந்த வருஷங்களில் யார் யாரோ கேட்டார்கள், மருத்துவர்கள்கூடக் கேட்டார்கள். ஒரே பதில்தான். நிரூபிக்கிற பொறுப்பு உங்களுடையது. நான் அந்தப் பதிலை வாய்பிளந்து ரசித்தவள். அரைகுறையாகக் கும்பிடுகிற எனக்கு, ஒருத்தர் இவ்வளவு உறுதியாக நிற்பது பெரிய விஷயமாகப் பட்டது.

அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த வண்டி. கூரையில் மஞ்சள் பலகை. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக் கண்ணை மூடி அரை நிமிஷம் வேண்டிக்கொள்வார். "நான் சொல்லிக்கொடுக்கறவங்க ஓட்டற அழகைப் பாத்தா நீயும் வேண்டிக்குவே" என்பாராம் அக்காவிடம். கல்யாணம் பேசும்போதே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: நீ என்னை இழுக்காதே, நான் உன்னைத் தடுக்கவில்லை; இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இரண்டு பேரும் வாக்குத் தவறாதவர்கள். சண்டை என்று ஒன்று அந்த வீட்டில் இந்த விஷயத்தில் நடந்ததே கிடையாது.

ஒரே பெண். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனைக் கூடத்துக்குப் போவாள். வந்து அம்மாவின் மடியில் விழுவாள். பன்னிரண்டு வயதில் முதல் முறையாகக் கேட்டாள்.

"அம்மா, நீ ஏன் கும்பிட வரதில்லை?"

"கும்பிடறவங்கதான்டி ஏன் கும்பிடறோம்னு சொல்லணும். கும்பிடாததுக்கு எதுக்குக் காரணம்?"

"அப்ப அப்பாகிட்டக் கேக்கட்டுமா?"

"கேளேன்."

அப்பாவிடம் கேட்டாள். ஆனால் அவள் தெரிந்துகொள்ள விரும்பியது அப்பாவைப் பற்றி இல்லையே.

பதினாறு வயதில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி மூளைக்காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். துக்கத்துக்குப் போய்விட்டு வந்த பெண் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அக்கா அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவ இப்ப எங்க போயிருப்பா?"

"எங்கயும் போகலை."

இதையெல்லாம் அக்கா பின்னாளில் எனக்குச் சொன்னதுதான். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தி, கையால் தேய்ப்பது மாதிரிக் காட்டினார். "பதில் சரிதான் ரிப்போர்ட்டு. இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா நான் திரும்பிக்கூடப் பாக்கலை. பாத்திரம் தேய்ச்சிட்டே சொன்னேன். எவ்வளவு நேரம் அங்கயே நின்னான்னுகூட எனக்குத் தெரியலை."

அதற்கப்புறம் அந்தப் பெண் அம்மாவிடம் இந்த மாதிரிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அப்பாவைவிட அதிகமாகக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வயதில், படிப்பு முடிந்ததும், அந்தக் கூடத்துக்காரர்கள் வேறு ஊரில் நடத்திவந்த ஓர் ஊனமுற்ற பிள்ளைகளின் விடுதியில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னாள். அவர்களோடேயே தங்கி, அவர்களோடேயே பிரார்த்தித்து, அதுதான் வாழ்க்கை என்றாள்.

அக்கா தடுக்கவில்லை. தடுக்கிறவரும் இல்லை. பெட்டி கட்டும்போது துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது பெண் திடீரென்று மடிப்பதை நிறுத்தினாளாம்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? கோவிச்சுக்காதே."

"கேளு."

"உன் லேப்ல இல்லைன்னு எழுத நூறு இடம் பாக்கணும்னு சொல்லுவே. அதுக்குக் கம்மியா யாராவது பாத்தா உனக்குக் கோவம் வரும். இந்த விஷயத்துல நீ எத்தனை இடம் பாத்தேம்மா? ஒரு இடமாவது பாத்தியா, இல்ல, பாக்காமலேயே எழுதிட்டியா?"

சொல்வதற்கு அக்காவிடம் பதில் இருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் வாயில் வந்தது பழைய பதில்தான்.

"நான் எத்தனை பாத்தேங்கறது என் சொந்த விஷயம். நம்பறவ நீ. காட்ட வேண்டியது உன் பொறுப்பு."

"நான் உன்கிட்ட வாதம் பண்ண வரலைம்மா."

"நானும் பண்ணலை. உள்ளதைச் சொன்னேன்."

"சரி" என்றாள் பெண். அவ்வளவுதான். மிச்சத் துணியை அவளே மடித்துக்கொண்டாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். சாப்பிட்டியா, மழையா, மூட்டுவலி எப்படி இருக்கு. ஒரு குறையும் சொல்ல முடியாத பெண். பணிவு கூடியிருந்தது. "வாடகைக்குக் குடியிருக்கறவங்க வீட்டுக்காரம்மாகிட்டப் பேசற மாதிரி பேசறா" என்று அக்கா ஒரு தடவை சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

இரண்டு வருஷத்தில் அதே விடுதியில் வேலை பார்த்த ஒரு பையனோடு கல்யாணம் நிச்சயமானது. அங்கேயே, அவர்களுடைய கூடத்தில். பெண் முன்கூட்டியே போன் செய்து அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "பிரார்த்தனை ஒரு மணி நேரம் நடக்கும்மா. உனக்குச் சங்கடமா இருக்கும். நீ முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு வந்தாப் போதும். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"சரிம்மா" என்றிருக்கிறார் அக்கா.

எங்கள் ஆய்வகத்திலிருந்து நானும் ஊசி அண்ணனும் போயிருந்தோம். கூடம் சின்னதுதான். வரிசை வரிசையாக உட்காரும் பலகைகள், மேலே மூன்று மின்விசிறிகள், ஒன்று ஓடவில்லை. பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அக்காவை எங்கும் காணோம். வயிற்றுவலியோ என்னவோ என்று நினைத்து நான் நடுவில் எழுந்து வெளியே வந்தேன்.

தெருவின் எதிர் ஓரத்தில், வேப்பமரத்து நிழலில், மஞ்சள் பலகை வைத்த அந்த வண்டி நின்றது. அக்கா ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை. தலையில் பூ. மடியில் கைப்பை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இங்க உக்காந்துட்டீங்க?"

"முடிஞ்சதும் வரச் சொன்னா."

"நீங்க உள்ள வந்து சும்மா நின்னா யாருக்கா என்ன சொல்லப் போறாங்க?"

"நின்னிருப்பேன். நிக்க மாட்டேன்னு நானா சொன்னேன்? கேக்கவே இல்லையே." சுவரைப் பார்த்துக்கொண்டே, "கேக்கணும்னு தோணாத மாதிரி நான் நடந்துக்கிட்டிருக்கேன் போல" என்றார்.

உள்ளேயிருந்து எல்லோரும் சேர்ந்து பாடுகிற சத்தம் வந்தது. நான் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவருடைய கால் அந்தக் கூடுதல் பிரேக்கின் மேல் இருந்தது. நிற்கிற வண்டிதான், ஆனாலும் அழுத்திக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் எல்லோரும் அவரிடம் அன்பாகத்தான் பேசினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதற்கு இரண்டு வருஷம் கழித்து ஆய்வகத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஒரு பள்ளி ஆசிரியர், இருமலோடு வந்தவர். அக்கா அவருடைய சளியைப் பார்த்து 'கிருமி காணப்படவில்லை' என்று எழுதினார். நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டு மாதம் கழித்து, கிருமியை வளர்த்துப் பார்க்கிற பெரிய சோதனையின் முடிவு வேறு ஆய்வகத்திலிருந்து வந்தது. கிருமி இருந்திருக்கிறது. அதற்குள் அந்த மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். மருத்துவர் எங்களைக் கூப்பிட்டு, இது சகஜம்தான், கிருமி குறைவாக இருந்தால் நுண்ணோக்கியில் சிக்காது, யார் தப்பும் இல்லை என்றார். சிகிச்சையும் ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் ஆசிரியரின் தங்கை விடுவதாக இல்லை. துணிக்கடையில் வேலை செய்பவர். கடைச் சீருடையோடு நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"யாருங்க எங்கண்ணன் ரிப்போர்ட்டை எழுதினது?"

அக்கா எழுந்து நின்றார். "நான்தாம்மா."

"பாத்தீங்களா, பாக்காமலேயே இல்லைன்னு எழுதிட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

விதிப்படி இப்படிப்பட்டவர்களை மேலதிகாரியிடம் அனுப்பிவிட வேண்டும். நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இல்லை. அக்கா ஒரு நாற்காலியை இழுத்து நுண்ணோக்கிக்கு முன்னால் போட்டார். "இப்படி உக்காருங்கம்மா" என்றார்.

அலமாரியிலிருந்து அந்தப் பழைய கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்தார். எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு வட்டம், அடுத்த வட்டம், எங்கே ஆரம்பித்தேன், எந்தப் பக்கம் நகர்த்தினேன், எத்தனை எண்ணினேன், எவ்வளவு நேரம் ஆனது. பதிவேட்டைக் காட்டினார். "நூறு பாத்தேன். ஒண்ணுகூடக் கண்ணுல படலை. இல்லவே இல்லைன்னு நான் எழுதலைம்மா, காணலைன்னு எழுதினேன். ஆனா அதைப் படிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்கண்ணனுக்கு ரெண்டு மாசம் போனது போனதுதான். மன்னிச்சுக்கங்க" என்றார். முக்கால் மணி நேரம் இது நடந்தது. மற்ற வேலை அத்தனையும் நின்றது.

அந்தப் பெண்மணி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். வந்தபோது இருந்த வேகம் இல்லை.

"இல்லைன்னு நீங்க எழுதினதுல எனக்குக் கோவம் இல்லைங்க. பாக்காம எழுதிட்டீங்களோன்னுதான் தாங்க முடியலை. பாத்தீங்கன்னு தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகிற ஆளில்லை. அன்று அழுதார். நான் என்னவோ அந்த ஆசிரியருக்காக என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன்.

"யாரோ முன்ன பின்ன தெரியாத பொம்பளை. அவளுக்கு முக்கால் மணி நேரம் சொன்னேன் ரிப்போர்ட்டு. என் பொண்ணு இதையேதானே கேட்டா? இதே வார்த்தைதானே?"

அன்றுதான் எனக்கு அந்தக் கதை தெரிந்தது.

அக்காவுக்கு இருபது வயதிருக்கும்போது அவருடைய அம்மா விஷக்காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், அதே காய்ச்சல். அந்தப் பெண்ணின் தாயும் அக்காவும் பத்து நாள் தாழ்வாரத்தில் ஒன்றாகவே உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வேண்டினார்கள். அப்போதெல்லாம் அக்கா அவ்வளவு பக்தி. அக்காவின் அம்மா பிழைத்தார். பக்கத்துக் கட்டில் பெண் பிழைக்கவில்லை. வீட்டுக்குப் புறப்படும் நாளில் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து கூடி, "கடவுள் கண்ணைத் திறந்துட்டாரு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அந்தத் தாய் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து மகளின் செருப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "ஆமாம்மா" என்று தலையாட்டினாராம்.

"அந்தத் தலையாட்டலை என்னால தாங்க முடியலை" என்றார் அக்கா. "அதுக்காக உடனே விட்டுடலை. அதைத்தான் யாரும் நம்ப மாட்டாங்க. மூணு வருஷம் தேடினேன். முன்னைவிட அதிகமா கும்பிட்டேன். பெரியவங்களைப் போய்க் கேட்டேன். புத்தகமா வாங்கிப் படிச்சேன். ஆளுக்கொரு பதில் சொன்னாங்க. எல்லாமே எங்கம்மா கட்டிலுக்குப் பொருந்துது, அடுத்த கட்டிலுக்குப் பொருந்தலை. அடுத்த கட்டிலுக்குப் பொருந்தறதைச் சொன்னா எங்கம்மாவுக்குப் பொருந்தலை. தேடித் தேடி ஒரு நாள் தெரிஞ்சது, நான் தேடறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சுன்னு."

"இதை ஏன்கா யார்கிட்டயும் சொல்லலை?"

"எங்கண்ணன்கிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டான். கேட்டுட்டு என் தலையைத் தடவிக்கொடுத்து, பாவம், மனசு ஒடிஞ்சு போச்சு, நாளானா சரியாயிடும்னான். மூணு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டு யோசிச்சதை அவன் காய்ச்சல் மாதிரி ஆக்கிட்டான். நீ ஏன் கும்பிடறேன்னு கேட்டு நீ காரணம் சொன்னா, அதை யாரும் வியாதின்னு சொல்ல மாட்டாங்க. நான் ஏன் கும்பிடலைன்னு சொன்னா மட்டும் எங்க அடிபட்டதுன்னு தேடறாங்க. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனி யாருக்கும் காரணம் சொல்றதில்லைன்னு. நிரூபிக்கிற பொறுப்பு என்னோடது இல்லைன்னு ஒரு வாக்கியம் கையில கிடைச்சது. நல்ல வாக்கியம். தப்பே இல்லாத வாக்கியம். அதைச் சொன்னா எல்லாரும் வாயை மூடிக்கறாங்க." மூக்கைச் சிந்திக்கொண்டார். "அவளும் மூடிக்கிட்டா."

அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர். காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாராம்.

"இவ்வளவு நாளா என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேக்கக் கூடாதுன்னுதானே பேச்சு?"

கணவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "எனக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னைக்குக் கல்யாணத்துல உன்னை வண்டியில விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா தனியாகப் பெண்ணிடம் போனார். விடுதியின் துணி காயப்போடும் இடத்தில், பெண் ஈரத் துணியை உதறி உதறிக் கொடியில் போட, அக்கா துணிக் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவமனை, இரண்டு கட்டில், செருப்பு, மூன்று வருஷம். கடைசியில், "நீ எத்தனை இடம் பாத்தேன்னு கேட்டியே. இவ்வளவு பாத்தேன்" என்றார்.

துணி தீர்ந்துவிட்டது. பெண் காலி வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன்னு நினைக்கறியாம்மா?"

"அதுக்காகச் சொல்லலைடி."

"வந்திருப்பேன். எனக்கு இது வேணும். நீ சொன்ன ரெண்டு கட்டிலுக்கும் என்கிட்ட இப்பவும் பதில் இல்லை; ஆனா எனக்கு இது வேணும். ஆனா ஒண்ணு, உன்கிட்டப் பேசிட்டு வந்திருப்பேன். நான் இத்தனை வருஷமா என்ன நெனைச்சேன் தெரியுமா? நாங்க கும்பிடறதைப் பாத்து நீ உள்ளுக்குள்ள சிரிக்கறேன்னு நெனைச்சேன். யோசிக்கறதுக்குக்கூட லாயக்கில்லாததுன்னு நீ ஒதுக்கிட்டேன்னு. அப்பாவை, என்னை, எங்களை எல்லாம் சேத்து."

"சிரிக்கலைடி. ஒரு நாளும் சிரிக்கலை."

"இப்பத் தெரியுது."

அண்ணன் மாதிரி அவள் தலையைத் தடவவில்லை. பாவம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு அப்புறம் என்னாச்சு என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றார் அக்கா. அதைத் தெரிந்துகொள்ள முயற்சி செய்யவே இல்லை என்று அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்கிறது.

புறப்படுவதற்கு முன்னால் அக்கா, அந்தக் கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வார நாள், ஆள் இல்லை. பெண் சாவி வாங்கிவந்து திறந்தாள். பலகைகளை ஓரமாக நகர்த்திவிட்டு யாரோ தரை துடைத்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

"இங்கதான்மா நான் நின்னேன். அவர் இங்க. அப்பா அந்தத் தூண்கிட்ட. அத்தை, மாமா எல்லாம் அந்தப் பக்கம்."

அக்கா ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். "நான் வந்திருந்தா எங்க நின்னிருப்பேன்?"

பெண் சுற்றிப் பார்த்தாள். அப்பாவின் தூணுக்குப் பக்கத்தில் பார்த்தாள், முன் வரிசை இருக்கும் இடத்தைப் பார்த்தாள். சமாதானத்துக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவளும் அக்கா பெற்ற பெண்தானே.

"தெரியலைம்மா. உனக்குன்னு ஒரு இடம் நான் யோசிக்கவே இல்லை."

இதைச் சொல்லிவிட்டு அவள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாளாம். சாயம் ஏறிய விரல்களால் அவளுடைய முதுகைத் தட்டிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகும் வரை அக்கா அந்த ஈரத் தரையில் நின்றிருக்கிறார்.

அவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இப்போதும் கும்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் இப்போது ஒரு மணி நேரம் நீள்கிறது என்று சொன்னார். மழை, மூட்டுவலி எல்லாம் முதல் ஐந்து நிமிஷத்தோடு சரி. போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, அந்தக் கல்யாணப் படங்கள் இருந்த தடித்த ஆல்பத்தை எடுத்து வந்து காட்டினார். நான் அதில் மூன்று இடத்தில் இருக்கிறேன். ஊசி அண்ணன் சாப்பிடுகிற படம்கூட இருக்கிறது. முதல் நாற்பது பக்கம் வரைக்கும் அக்காவைக் காணோம். அவர் வேகமாகப் புரட்டவில்லை. ஒவ்வொரு பக்கமாக, நிதானமாக, எனக்கு யார் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.